வி.ஏ. கொடுத்த பி.டி.எஸ்.டி. சதவீதம் குறைவா? மேல்முறையீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்தவர்களுக்கு, பணிக்காலத்தில் வந்த உடல், மனப் பாதிப்புகளுக்காக அந்நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறை மாதாமாதம் இழப்பீடு தருகிறது. எல்லோரும் அதை வி.ஏ. என்றுதான் சொல்கிறார்கள். பாதிப்பு எவ்வளவு என்பதை அவர்கள் சதவீதமாகப் போடுவதுதான் ரேட்டிங். பி.டி.எஸ்.டி. என்கிற, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறுக்குப் போடும் ரேட்டிங், வீட்டில் தினமும் நடப்பதற்குச் சம்பந்தமே இல்லாமல் வந்து சேர்வது உண்டு. அப்படி ஒரு கடிதத்தோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்தப் பக்கம்.

30 சதவீதம் என்று வந்திருக்கிறது. எதை வைத்துப் போட்டார்கள்?

மனநலக் கோளாறுகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வி.ஏ. ஒரே அட்டவணையைத்தான் வைத்திருக்கிறது. கூட்டாட்சி விதித் தொகுப்பில் 38-ஆம் தலைப்பு, பிரிவு 4.130. அதில் பி.டி.எஸ்.டி.க்கு 9411 என்ற எண். படிகள் ஆறு: 0, 10, 30, 50, 70, 100. இடையில் 40, 60 எல்லாம் கிடையாது.

போர்முனையில் என்ன பார்த்தீர்கள், எவ்வளவு கொடுமையானது என்பதற்கு இந்த அட்டவணையில் இடமே இல்லை. நோய் பணியால் வந்ததா என்று முடிவு செய்யும்போது அது கணக்கில் வரும். அது முடிந்த பிறகு கேட்கப்படுவது ஒன்றுதான்: இந்த நோய் உங்கள் வேலையையும் உறவுகளையும் எந்த அளவுக்குக் கெடுத்திருக்கிறது? மேல்முறையீட்டில் தோற்பவர்களில் பலர் இதைக் கவனிக்காமல், பாக்தாதிலோ காந்தஹாரிலோ நடந்ததையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அதை வி.ஏ. ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று. இப்போது எழுத வேண்டியது சென்ற மாதம் நடந்ததை.

ஒவ்வொரு படிக்கும் என்ன வித்தியாசம்?

10 என்றால் அறிகுறிகள் லேசானவை, மன அழுத்தம் அதிகமான நேரத்தில் மட்டும் வேலை பாதிக்கிறது, அல்லது தொடர்ந்து சாப்பிடும் மருந்தில் அடங்கியிருக்கிறது என்று அர்த்தம். 0 என்றால் நோய் இருப்பதை ஒப்புக்கொள்கிறார்கள், பணம் இல்லை.

30-க்கு, பொதுவாக வேலையைச் சமாளிக்கிறார், அவ்வப்போது தடுமாறுகிறார் என்பது கணக்கு. வாரத்துக்கு ஒருமுறையோ அதற்குக் குறைவாகவோ வரும் பீதித் தாக்குதல், நாள்பட்ட தூக்கக் கேடு, பெயர்களையும் வழிகளையும் மறக்கிற லேசான மறதி ஆகியவை அங்கே உதாரணங்கள். 50-க்குப் போனால் நம்பி வேலை கொடுக்க முடியாத நிலை, உற்பத்தித்திறன் குறைவு. பீதித் தாக்குதல் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல், தொடங்கிய வேலையை முடிக்க மறப்பது, முகத்தில் உணர்ச்சியே இல்லாமல் போவது, உறவுகளை வைத்துக்கொள்வதில் சிரமம்.

70 என்பது பெரிய தாண்டல். வேலை, குடும்பம், தீர்மானிக்கும் திறன், சிந்தனை, மனநிலை என்று பெரும்பாலான பக்கங்களில் குறைபாடு இருக்க வேண்டும். தற்கொலை எண்ணம், தூண்டுதல் இல்லாமலே வெடிக்கும் கோபம், விடாத பீதி அல்லது மனச்சோர்வு, குளிப்பது, உடுத்துவதில்கூட அக்கறை போய்விடுவது, உறவுகளை வைத்துக்கொள்ளவே முடியாத நிலை ஆகியவை இங்கே வருகின்றன. 100 என்றால் வேலையும் சமூக வாழ்க்கையும் முழுமையாக முடங்கியிருக்க வேண்டும்.

50-ல் "சிரமம்", 70-ல் "முடியாத நிலை". இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் பெரும்பாலான வழக்குகள் மாட்டிக்கொள்கின்றன.

70-க்குச் சொன்ன அறிகுறிகளில் எனக்கு இரண்டுதான் இருக்கிறது. அப்போது கிடைக்காதா?

கிடைக்கலாம். அட்டவணையில் இருப்பவை உதாரணங்கள்தான், எல்லாவற்றுக்கும் டிக் அடிக்க வேண்டியதில்லை என்று முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-ல் மவர்ஹான் வழக்கில் சொல்லிவிட்டது. பட்டியலில் இல்லாத அறிகுறியும், அதே அளவு கடுமையாக இருந்து அதே அளவு பாதித்தால், கணக்கில் வரும். 2013-ல் வாஸ்கெஸ்-கிளாடியோ வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு பக்கத்தையும் சொன்னது: வெறுமனே "வாழ்க்கை பாதிக்கிறது" என்றால் போதாது, எந்த அறிகுறியால் பாதிக்கிறது என்றும் காட்ட வேண்டும். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். அறிகுறி, அதனால் என்ன ஆயிற்று.

இரண்டு படிகளுக்கு நடுவில் ஊசலாடினால், பாதிப்பு மேல்படிக்கு அதிகம் நெருங்கியிருக்கும்போது மேல்படியைத்தான் கொடுக்க வேண்டும் என்பது பிரிவு 4.7. சான்றுகள் இரு பக்கமும் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே.

தற்கொலை எண்ணம் வந்ததைப் பரிசோதனையில் சொல்லலாமா? சொன்னால் பிடித்து மருத்துவமனையில் போட்டுவிடுவார்களோ?

சொல்லுங்கள். "செத்துப்போனால் நிம்மதி" என்று ஓர் எண்ணம் வந்துபோவதும், இன்று இரவு செய்துகொள்ளப் போகிறேன் என்பதும் ஒன்றல்ல என்பது பரிசோதிக்கும் மனநல மருத்துவருக்கோ உளவியலாளருக்கோ நன்றாகவே தெரியும். சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2017-ல் பேங்க்ஹெட் வழக்கில், திட்டமோ முயற்சியோ இருந்தால்தான் தற்கொலை எண்ணத்தைக் கணக்கில் எடுப்போம் என்று வி.ஏ. சொல்ல முடியாது, எண்ணம் இருப்பதே 70 சதவீத அறிகுறிகளில் ஒன்று என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ரேட்டிங்கை விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அந்த எண்ணம் இப்போது உங்களை அழுத்துகிறது என்றால் இந்தப் பக்கத்தை அப்படியே வைத்துவிட்டு 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள், அல்லது 838255-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். இரவும் பகலும் படைவீரர்களுக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். 2023 ஜனவரி 17 முதல், தகுதியுள்ள முன்னாள் படைவீரர் தற்கொலை நெருக்கடியில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், அது வி.ஏ. மருத்துவமனையாக இல்லாவிட்டாலும், அவசரச் சிகிச்சைச் செலவை வி.ஏ. ஏற்கிறது. வி.ஏ.வில் ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வீட்டில் வேறொருவர் இதைப் படிக்கிறார் என்றால், அந்த எண்ணைப் படைவீரரின் போனில் நீங்களே சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.

கடிதத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மேலே இருக்கும் தேதியை. மேல்முறையீட்டுக்கான ஓராண்டுக் கெடு அதிலிருந்துதான் ஓடுகிறது.

அப்புறம், "சாதகமான கண்டறிதல்கள்" என்ற பகுதி. வி.ஏ. உங்களுக்குச் சாதகமாக ஏற்றுக்கொண்ட உண்மைகள் அதில் இருக்கும். தெள்ளத் தெளிவான பிழை இருந்தாலொழிய, அடுத்து பார்க்கும் அதிகாரியோ நீதிபதியோ அவற்றை மாற்ற முடியாது. பிறகு, அடுத்த படிக்கு என்ன தேவை என்று சொல்லும் பத்தி. அதை அவர்களே எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். கடைசியாக, பார்த்த சான்றுகளின் பட்டியல். நீங்கள் அனுப்பிய மனைவியின் கடிதமோ வெளி மருத்துவரின் அறிக்கையோ அதில் இல்லையென்றால், பிழை உங்கள் கைக்கே வந்துவிட்டது என்று அர்த்தம்.

கூடவே 20-10206 படிவம் போட்டு உங்கள் கோப்பின் நகலைக் கேளுங்கள். சி அண்ட் பி எனப்படும் வி.ஏ. பரிசோதனையின் அறிக்கை அதில் இருக்கும். அந்த அறிக்கையில் ஓர் இடத்தில் ஏழு வாக்கியங்கள் வரிசையாக இருக்கும், மருத்துவர் அதில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் குறியிட்டிருப்பார். அந்த வாக்கியங்கள் ரேட்டிங் அட்டவணையின் படிகளோடு ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும். பல முடிவுகள் அந்த ஒற்றைக் குறியைப் பார்த்தே எழுதப்படுகின்றன. மருத்துவர் விவரித்திருக்கும் அறிகுறிகள் ஒன்றைச் சொல்ல, குறி வேறிடத்தில் இருந்தால், உங்கள் வாதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ரேட்டிங்கை முடிவு செய்வது வி.ஏ.வின் வேலை, மருத்துவரின் கட்டத்தின் வேலை இல்லை. பரிசோதனை நடந்த அந்த நேரத்து நிலையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, பதிவில் உள்ள எல்லாச் சான்றுகளையும் பார்க்க வேண்டும் என்று பிரிவு 4.126 சொல்கிறது.

மேல்முறையீட்டுக்கு எத்தனை வழிகள்?

மூன்று. 2017-ல் நிறைவேறி 2019 பிப்ரவரி 19-ல் நடைமுறைக்கு வந்த மேல்முறையீட்டுச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்த முறை இது.

துணைக் கோரிக்கை, படிவம் 20-0995. புதிய, தொடர்புடைய சான்று ஒன்றாவது வேண்டும். இதில் பதிவுகளைத் தேடித் தருவதும், தேவைப்பட்டால் புதிய பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வதும் வி.ஏ.வின் கடமை.

உயர்நிலை மறுஆய்வு, படிவம் 20-0996. அனுபவம் கூடிய வேறொரு அதிகாரி அதே கோப்பை முதலிலிருந்து பார்ப்பார். புதிய சான்று எதையும் சேர்க்க முடியாது. அவரோடு ஒருமுறை போனில் பேசக் கேட்கலாம். சான்றுகளைத் திரட்டுவதில் வி.ஏ. தவறியிருந்தால், அதைச் சரிசெய்யத் திருப்பி அனுப்புவார்.

மேல்முறையீட்டு வாரியம், படிவம் 10182. இங்கே நீதிபதி பார்ப்பார். அப்படியே பார்க்கச் சொல்லலாம், 90 நாளுக்குள் சான்று சேர்க்கிறேன் எனலாம், அல்லது நேர்விசாரணை கேட்கலாம். விசாரணை கேட்டால் வரிசை நீளம்.

முதல் இரண்டுக்கும் சராசரியாக 125 நாள் என்பது வி.ஏ. வைத்துக்கொண்ட இலக்கு. வாரியத்தில், கோப்பை அப்படியே பார்க்கச் சொல்லும் பரிசீலனைக்கே இலக்கு 365 நாள்.

என் நிலைக்கு எது சரி?

கோப்பில் எல்லாமே இருந்தும் தப்பாகப் படித்திருக்கிறார்கள் என்றால் உயர்நிலை மறுஆய்வு. கோப்பில் விஷயமே இல்லை என்றால் துணைக் கோரிக்கை. பி.டி.எஸ்.டி.யில் இரண்டாவதுதான் அதிகம் என்பது என் கருத்து. ஏனென்றால் பெரும்பாலானவர்கள் டாக்டரிடம்கூட "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்றே சொல்லியிருப்பார்கள். காகிதத்தில் இல்லாததை எந்த அதிகாரி எத்தனை முறை படித்தாலும் வராது.

சட்டத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு, அல்லது ஒரு நீதிபதியிடம் நேரில் பேசினால் புரியும் என்கிற வழக்கு என்றால் வாரியம். எதை எடுத்தாலும் அது தோற்றால் ஓராண்டுக்குள் இன்னொன்றை எடுக்கலாம். ஆனால் ஒரே விஷயத்துக்கு அடுத்தடுத்து இரண்டு உயர்நிலை மறுஆய்வு கேட்க முடியாது.

ஓராண்டு தாண்டிவிட்டது. எல்லாம் போயிற்றா?

போகவில்லை. துணைக் கோரிக்கையை எப்போது வேண்டுமானாலும் போடலாம். இழப்பது பழைய தேதியைத்தான். ஓராண்டுக்குள் விடாமல் தொடர்ந்தால் நிலுவைப் பணம் முதல் கோரிக்கையின் தேதியிலிருந்து கணக்காகும் வாய்ப்பு இருக்கிறது. தாண்டிவிட்டால் புதிய கோரிக்கையின் தேதிதான்.

பழைய முடிவு அப்போது சரிதான், இப்போது நிலைமை மோசமாகிவிட்டது என்றால் அது மேல்முறையீடே இல்லை. 21-526இஇசட் படிவத்தில் ரேட்டிங் உயர்வு கேட்க வேண்டும். மோசமானது கோரிக்கைக்கு முந்தைய ஓராண்டுக்குள் என்று சான்றில் தெரிந்தால், அந்தத் தேதி வரை பின்னோக்கிப் பணம் கிடைக்கலாம்.

பணத்தில் எவ்வளவு வித்தியாசம் வரும்?

2024 டிசம்பர் 1 முதல் ஓராண்டுக்கு நடப்பில் இருந்த விகிதத்தில், தனி நபருக்கு மாதம் 30 சதவீதத்துக்கு 537.42 டாலர், 50-க்கு 1,102.04, 70-க்கு 1,759.19, 100-க்கு 3,831.30. ஒவ்வொரு டிசம்பரிலும் விலைவாசிக்கு ஏற்ப மாறும். 30-லிருந்தே மனைவி, கணவர், பிள்ளைகளுக்காகக் கூடுதல் தொகை உண்டு. இதற்குக் கூட்டாட்சி வருமான வரி கிடையாது. 30-க்கும் 70-க்கும் நடுவில் மாதம் 1,200 டாலருக்கு மேல் வித்தியாசம். "போனால் போகட்டும்" என்று விட்டுவிடுகிற தொகை இல்லை இது, வீட்டு வாடகை இதில் இருக்கிறது.

என்ன சான்றுகள் உண்மையில் எடுபடுகின்றன?

தொடர் சிகிச்சைப் பதிவுகள் முதலில். அடுத்து, உங்களைப் பார்க்கும் வெளி உளவியலாளர் அல்லது மனநல மருத்துவர் பி.டி.எஸ்.டி. மறுஆய்வுக் கேள்வித்தாளை நிரப்பித் தரலாம், அதை வி.ஏ.வே பொதுவில் வைத்திருக்கிறது. வேலையிடத்துக் காகிதங்களும் பலமானவை. எச்சரிக்கைக் கடிதம், விடுப்புப் பதிவு, வேலையை விட்ட கடிதம் எல்லாம் நேரடியாக அட்டவணையைத் தொடுகின்றன.

ஒரு விஷயத்தில் பலர் வீணாகச் செலவழிக்கிறார்கள். நோய் ராணுவப் பணியால்தான் வந்தது என்று சொல்லும் "நெக்சஸ் கடிதம்" வாங்க ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். உங்களுக்கு ஏற்கெனவே 30 சதவீதம் வருகிறது என்றால் பணித் தொடர்பை வி.ஏ. ஒப்புக்கொண்டுவிட்டது. நீங்கள் காட்ட வேண்டியது கடுமையை மட்டும்தான். அந்தக் கடிதம் இந்த இடத்தில் எதற்கும் உதவாது.

குடும்பத்தினர் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு உண்டா? எப்படி எழுதுவது?

நிறைய உண்டு. படிவம் 21-10210. தூக்கத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். மருத்துவம் தெரியாதவர், கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம். நோயின் பெயர், காரணம் பற்றிய கருத்து வேண்டாம்.

"அவர் மிகவும் கஷ்டப்படுகிறார், முன்போல இல்லை" என்று எழுதினால் படிக்கிற அதிகாரிக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"சென்ற மார்ச்சிலிருந்து அவர் ஹால் சோஃபாவில்தான் தூங்குகிறார், அங்கிருந்து வாசல் கதவு தெரியும் என்பதால். வாரத்தில் மூன்று, நான்கு இரவு எழுந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம் எனக்குக் கேட்கும். மகன் பள்ளி விழாவுக்கு வந்தார். கைத்தட்டல் தொடங்கியதும் எழுந்து காருக்குப் போய்விட்டார், விழா முடியும்வரை உள்ளே வரவில்லை. ஜூனில் சூப்பர்வைசரிடம் கத்தியதற்காக எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். அதற்கப்புறம் இரண்டு நாள் குளிக்கவில்லை, போனை எடுக்கவில்லை. அவர் தம்பியோடு பேசி ஒரு வருடம் ஆகிறது."

ஏழெட்டு வாக்கியங்கள்தான். தூக்கக் கேடு, எப்போதும் விழிப்பாகவே இருக்கும் பதற்றம், கோபக் கட்டுப்பாடு, தன்னைக் கவனிக்காமை, வேலை, உறவு என்று எல்லாமே வந்துவிட்டது, ஒரு மருத்துவச் சொல்கூட இல்லாமல். எத்தனை முறை, எவ்வளவு நேரம், அதனால் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கேட்டு எழுதினால் இப்படித்தான் வரும்.

மனைவிக்கோ அம்மாவுக்கோ தமிழில்தான் சொல்ல வரும் என்றால் முதலில் தமிழிலேயே எழுதட்டும். பிறகு இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்த்து, தன் பெயரும் கையெழுத்தும் போட்டு இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஆங்கிலம் சரளமாக வரும் உறவினரிடம் சுருக்கிச் சொல்லி எழுதவைத்தால், முதலில் காணாமல் போவது அந்தப் பூட்டும் சோஃபாவும்தான்.

பரிசோதனையில் எப்படிப் பேச வேண்டும்?

உண்மையை, முழுதாக. மிகைப்படுத்தாதீர்கள். அது தப்பு என்பதோடு, கோப்பில் உள்ள மற்றப் பதிவுகளோடு முரண்பட்டால் நீங்கள் சொன்ன உண்மைகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

ஆனால் நம்மிடம் அடிக்கடி நடப்பது அதற்கு நேர்மாறு. சட்டையை இஸ்திரி போட்டு, சவரம் செய்து, நேரத்துக்கு முன்பே போய், "எப்படி இருக்கிறீர்கள்?" என்றதும் "நன்றாக இருக்கிறேன்" என்று பதில் சொல்வது. ராணுவம் கற்றுக்கொடுத்ததும் அது, வீட்டில் கற்றுக்கொடுத்ததும் அது. அறிக்கையில் "நன்கு உடுத்தியவர், ஒத்துழைப்பவர், நலமாக இருப்பதாகக் கூறினார்" என்று ஏறிவிடும். அன்றைக்கு முந்தின இரவு தூங்கவே இல்லை என்றால் அதைச் சொல்லுங்கள். இங்கே வருவதற்கு மனைவி எழுப்பி, துணி எடுத்துக் கொடுத்து, காரோட்டி வர வேண்டியிருந்தது என்றால் அதையும் சொல்லுங்கள். மோசமான நாள் எப்படி இருக்கும், மாதத்தில் அப்படி எத்தனை நாள் என்பதை முந்தின நாளே ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் பதற்றத்தில் மறக்காது.

பரிசோதனைக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். முடியாவிட்டால் முன்பே கூப்பிட்டு வேறு நாள் கேளுங்கள்.

சதவீதமே இல்லை, மொத்தமாக மறுத்துவிட்டார்கள். நடந்த சம்பவத்துக்கு ஆதாரம் இல்லையாம்.

அப்போது வழக்கு வேறு. நோய்க்குக் காரணமான சம்பவத்தை நிறுவ வேண்டும். நேரடிச் சண்டையில் இருந்தவர் என்றால், பணியின் சூழலோடு ஒத்துப்போகும்வரை உங்கள் வாக்குமூலமே போதும். 2010 ஜூலையில் விதியை இன்னும் தளர்த்தினார்கள். எதிரித் தாக்குதல், பயங்கரவாதத் தாக்குதல் பற்றிய அச்சத்தால் வந்த பி.டி.எஸ்.டி. என்று வி.ஏ. மனநல மருத்துவரோ உளவியலாளரோ, அல்லது வி.ஏ. ஒப்பந்தத்தில் உள்ளவரோ உறுதி செய்தால், தனி ஆவணம் தேவையில்லை. துப்பாக்கி தூக்காத ஓட்டுநர், சமையல்காரர், மெக்கானிக் எல்லோருக்கும் இது பொருந்தும்.

பணியில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் புகார் கொடுக்கவில்லை என்பது வழக்கை முடித்துவிடாது. திடீரென்று இடமாற்றம் கேட்டது, வேலைத் தரம் சரிந்தது, குடி கூடியது, கர்ப்பப் பரிசோதனையோ பால்வினை நோய்ப் பரிசோதனையோ செய்துகொண்டது, அந்த நாட்களில் தோழிக்கு எழுதிய கடிதம் எல்லாம் அடையாளங்களாக ஏற்கப்படும். இது ஆண்களுக்கும் பொருந்தும். இதற்கான சிகிச்சை வி.ஏ.வில் இலவசம், ரேட்டிங் இல்லாமலே.

வேலைக்குப் போக முடியவில்லை, ஆனால் 70-தான் வருகிறது. 100 அளவுக்குப் பணம் கிடைக்க வழி உண்டா?

உண்டு. தனிநபர் வேலைத்தகுதியின்மை என்கிற ஏற்பாடு, படிவம் 21-8940. பணித் தொடர்புள்ள ஒரே பாதிப்பு 60 சதவீதமாவது இருக்க வேண்டும், அல்லது பல பாதிப்புகள் சேர்ந்து 70, அதில் ஒன்றாவது 40. அந்தப் பாதிப்பால் நிலையான, பிழைக்கத்தக்க வேலை பார்க்க முடியவில்லை என்று காட்டினால் 100 சதவீதத் தொகை வரும். வறுமைக்கோட்டுக்குக் கீழான சொற்ப வருமானமோ, சொந்தக்காரர் கடையில் தயவுக்காக வைத்திருக்கும் வேலையோ இதற்குத் தடையாகாமல் போகலாம்.

இது இல்லாமல் வெறும் 70 மட்டும் வாங்குபவர் வேலைக்குப் போகத் தடையே இல்லை. சம்பளம் வாங்கினால் ரேட்டிங் போய்விடும் என்று பயந்து வீட்டில் அடைந்து கிடக்க வேண்டாம்.

மனச்சோர்வும் இருக்கிறது, குடிப்பழக்கமும். தனித்தனி ரேட்டிங் வருமா?

மனநலப் பாதிப்புகள் பலவாக இருந்தாலும் ஒரே ரேட்டிங்தான். ஆனால் எந்த அறிகுறி எந்த நோயால் என்று மருத்துவரால் பிரிக்க முடியாவிட்டால், எல்லாவற்றையும் பணித் தொடர்புள்ள நோயின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். குடி, போதைப் பழக்கத்துக்குத் தனியாக இழப்பீடு இல்லை. பி.டி.எஸ்.டி.யின் விளைவாக வந்தது என்று மருத்துவச் சான்று இருந்தால் அதுவும் கணக்கில் வரும். மறைக்காதீர்கள்.

மேல்முறையீடு செய்தால் இருப்பதையும் குறைத்துவிடுவார்களோ?

இந்தப் பயத்தில்தான் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கோப்பைத் திறந்தால் முழுதும் பார்ப்பார்கள், அது உண்மை. ஆனால் வரும் தொகையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் முன்மொழிவுக் கடிதம் அனுப்ப வேண்டும், சான்று கொடுக்க 60 நாள், விசாரணை கேட்க 30 நாள் தர வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் ஒரே நிலையில் இருக்கும் ரேட்டிங்கை ஒற்றைப் பரிசோதனையை வைத்துக் குறைப்பது மிகக் கடினம், நீடித்த முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். 20 ஆண்டு ஆகிவிட்டால், மோசடி இல்லாதவரை, அந்த அளவுக்குக் கீழே இறக்கவே முடியாது. சிகிச்சையில் இருக்கிறீர்கள், அறிகுறிகள் பதிவில் இருக்கின்றன என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

வக்கீல் வேண்டுமா? யாரை நம்புவது?

முதலில் இலவச உதவி. அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ., டி.ஏ.வி. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களிலும், பல கவுன்ட்டி அலுவலகங்களிலும் வி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இருக்கிறார்கள், ஒரு சென்ட் வாங்க மாட்டார்கள். படிவம் 21-22-ல் அவரை நியமிக்கிறீர்கள்.

வாரியம் வரை போகிறது, சட்டச் சிக்கல் இருக்கிறது என்றால் அங்கீகாரம் பெற்ற வக்கீல் நல்லது. முதல் முடிவு வந்த பிறகுதான் அவர் கட்டணம் கேட்கலாம். நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமானதாகக் கருதப்படும், 33⅓-ஐத் தாண்டினால் நியாயமற்றதாக. "ரேட்டிங் ஏறினால் ஆறு மாத உயர்வுத் தொகையைக் கொடுங்கள்" என்று போனில் கூப்பிடுகிறவர்களில் பலருக்கு அங்கீகாரமே கிடையாது. வி.ஏ. தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் போனை வைத்துவிடுங்கள். உங்கள் வங்கிக் கணக்கு, வி.ஏ. தளத்தின் கடவுச்சொல் இரண்டையும் யாருக்கும் தராதீர்கள்.

வாரியமும் மறுத்துவிட்டால்?

ஓராண்டுக்குள் புதிய சான்றோடு துணைக் கோரிக்கை போட்டால் பழைய தேதி காப்பாற்றப்படும். அல்லது 120 நாளுக்குள் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். அது வி.ஏ.வின் பகுதி இல்லை, தனி நீதிமன்றம். அங்கே புதிய சான்று எடுபடாது, வாரியம் சட்டப்படி நடந்ததா, காரணங்களைப் போதிய அளவு சொன்னதா என்றுதான் பார்ப்பார்கள். பல வழக்குகளில் வாரியத்துக்கே திருப்பி அனுப்பி மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள்.

காத்திருக்கும் மாதங்களில் என்ன செய்வது?

இப்போது வரும் தொகை வந்துகொண்டே இருக்கும். முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள். பரிசோதனை அழைப்புக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், அதனாலேயே கோரிக்கை தள்ளுபடியாவது நடக்கிறது. சிகிச்சையை நிறுத்தாதீர்கள். வி.ஏ. மருத்துவமனைக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால் வெட் சென்டர்கள் இருக்கின்றன. போர்ப் பகுதியில் பணிபுரிந்தவர்களுக்கும், பணியில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும், அவர்கள் குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை இலவசம். அங்கே பேசுவது உங்கள் அனுமதி இல்லாமல் வி.ஏ. மருத்துவப் பதிவுக்குப் போகாது. அதனால் அங்கே பெற்ற சிகிச்சையை வழக்குக்குச் சான்றாக வைக்க வேண்டும் என்றால், அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட்டு நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.